மத்தியானத்து ‘டக்’: ஏழு வருடமாகக் கூரையில் இருக்கும் சோலர்

பத்து நாளாகக் கொழும்பில் கிடந்த எங்கள் சோலர் இன்வேர்ட்டர், அதாவது பனலில் வரும் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் பெட்டி, போன செவ்வாய்க்கிழமை திருத்தி வந்து சேர்ந்தது. திருத்தக் கூலி, பஸ்ஸில் அனுப்பி எடுத்த செலவு, திரும்பப் பூட்டியவருக்குக் கொடுத்தது எல்லாம் சேர்த்து 46,000 ரூபா. அதே கிழமை பாடசாலை ஓய்வறையில், கிண்ணியாவிலிருந்து வரும் சக ஆசிரியர் ஒருவர் கேட்டார்: “ரீச்சர், எங்கட வீட்டுக்கும் சோலர் போடப் பார்க்கிறம். போடலாமா, வேணாமா? ஒரே சொல்லில சொல்லுங்க.” மணி அடித்துவிட்டது. நான் பதில் சொல்லாமல் வகுப்புக்குப் போய்விட்டேன். அன்று முழுக்க அந்தக் கேள்வி மனதிலேயே கிடந்தது. ஒரே சொல்லில் எனக்கு வரவில்லை. அதனால் விரிவாகவே எழுதிவிடுகிறேன்.

சோலர் பற்றித் தெரிந்தவர்களுக்கு இவ்வளவு போதும்: 2019 ஜூனில் பூட்டினோம். 330 வாற் பனல் 16, 5 கிலோவாற் இன்வேர்ட்டர், சிங்கிள் ஃபேஸ், பற்றரி இல்லை. நெட் எக்கவுண்டிங் முறையில், அதாவது நாங்கள் பாவித்தது போக மிச்ச யூனிற்றை மின்சார சபை காசு கொடுத்து வாங்கும் முறையில், 20 வருட ஒப்பந்தம். முதல் 7 வருடம் மிச்ச யூனிற்றுக்கு 22 ரூபா, அடுத்த 13 வருடம் 15 ரூபா 50 சதம். முழுச் செலவு 9 இலட்சத்து 20 ஆயிரம். வீடு திருகோணமலை அலஸ்தோட்டத்தில், கடற்கரைக்கு நடந்தால் ஐந்து நிமிடம்.

இன்வேர்ட்டர் குசினிக்கு வெளியே நடைச்சுவரில் இருக்கிறது. அதற்குள்ளே ரிலே என்று ஒரு சின்னச் சுவிட்ச். வீட்டை வெளி லைனோடு சேர்ப்பதும் பிரிப்பதும் அதுதான். காலையில் வெயில் கொஞ்சம் ஏறியதும் ‘டக்’ என்று ஒரு சத்தம். பொழுது சாயும்போது இன்னொரு ‘டக்’. இந்த இரண்டு சத்தமும் எனக்குப் பிடிக்கும். காலை ‘டக்’ கேட்டால் தேநீருக்குத் தண்ணீர் வைக்கும் நேரம். மாலை ‘டக்’ கேட்டால் விளக்கேற்றும் நேரம். ஆரம்பத்தில் மூன்று வருடம் இந்த இரண்டைத் தவிர அந்தப் பெட்டியிடமிருந்து வேறு சத்தம் கேட்டதே இல்லை.

பிறகுதான் மத்தியானத்து ‘டக்’ தொடங்கியது.

முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பன்னிரண்டு மணி, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை, பனல்கள் முழுவேகத்தில் ஓடவேண்டிய நேரம். ‘டக்.’ பெட்டியில் சிவப்பு விளக்கு. சில நிமிடம் கழித்துத் தானாகவே ‘டக்’ என்று திரும்ப வந்தது. பத்து நிமிடத்தில் மறுபடி போனது. அன்று இரண்டு மணிக்குள் ஒன்பது தடவை எண்ணினேன். போனில் செயலியைத் திறந்து பார்த்தால், வழக்கமாக மலைபோல ஏறி இறங்கும் கோடு பல் உடைந்த சீப்புப் போல இருந்தது. உற்பத்தி உச்சத்தில் இருக்கவேண்டிய இடத்தில்தான் பல் முழுக்க உடைந்திருந்தது.

காரணத்தைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் எடுத்தது. இங்கே வீட்டுக்கு வரவேண்டிய மின்னழுத்தம் 230 வோல்ட். எங்கள் கூரையில் பிறக்கும் மின்சாரம் வெளியே போகவேண்டுமென்றால், இன்வேர்ட்டர் லைனில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலான வோல்ட்டில் அதைத் தள்ளவேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து தம்பலகாமத்து வயலுக்கு வரும் வாய்க்காலை யோசித்துப் பாருங்கள். அது மேலிருந்து கீழே ஓடுவதற்காக வெட்டிய வாய்க்கால். கடைசி வயல்காரர் எல்லோரும் ஒரே நேரத்தில் பம்ப் வைத்துத் தண்ணீரை மேல்நோக்கித் தள்ளினால் வாய்க்கால் கரை தட்டும். எங்கள் ஒழுங்கையில் நடந்தது அதுதான். 2019இல் சோலர் போட்டது எங்கள் வீடு மட்டும். இன்று அதே ட்ரான்ஸ்போமரில் ஏழு வீடு. எல்லாக் கூரையும் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கே தள்ளுகிறது. அந்த நேரத்தில் வீடுகளில் பாவனை குறைவு, ஆட்கள் வேலைக்கும் பாடசாலைக்கும் போயிருப்பார்கள். செயலியில் 243, 246, 250 என்று ஏறும். இன்வேர்ட்டரில் குறித்துவைத்திருக்கும் எல்லையைத் தொட்டதும் ‘டக்’.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று உண்டு. இந்தப் பெட்டி நிற்பது மழையிலும் இருட்டிலும் என்றால் சரி என்று விட்டுவிடுவேன். இது நிற்பது அந்த நாளின் மிக நல்ல வெயிலில். வருடத்தில் வானம் துப்புரவாக இருக்கும் பெப்ரவரி, மார்ச் மாதங்களில்தான் அதிகம் நிற்கிறது. மாரியில், நவம்பர் டிசம்பரில், ஒரு தடவைகூட நின்றதில்லை.

சொல்லாத இடம் இல்லை. பூட்டித் தந்த நிறுவனத்தைக் கேட்டால் லைனில் பிழை என்றார்கள். லைனைப் பார்க்க வந்தவர்கள் இன்வேர்ட்டரில் பிழை என்றார்கள். வந்தவர்கள் எல்லோரும் காலை எட்டரைக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் வோல்ட் 234 இருக்கும், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும். “அன்ரி, ஒரு பிரச்சினையும் இல்லையே” என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்துப் போவார்கள். “தம்பி, மத்தியானம் வாங்கோ” என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! கடைசியில் ஒரே ஒரு பொடியன் சொன்ன சொல் தவறாமல் பன்னிரண்டு மணிக்கு வந்தான். உச்சி வெயிலில் மீற்றரோடு ஒரு மணித்தியாலம் நின்று, ஒவ்வொரு தடவை நிற்கும்போதும் குறித்தான். ஏழு வீட்டில் ஐந்து வீடு ஒரே ஃபேஸில், அதாவது லைனில் வரும் மூன்று மின்கம்பிகளில் ஒரே கம்பியில், இருப்பதைக் கண்டுபிடித்தவன் அவன்தான். பிறகு இரண்டு வீட்டை வேறு ஃபேஸுக்கு மாற்றினார்கள். ஒன்பது தடவை நின்றது இரண்டு மூன்றாகக் குறைந்தது. நின்றுவிடவில்லை, குறைந்தது. அந்தப் பிள்ளைக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

திருத்தத்துக்குப் போனதன் காரணமும் இதுதான். ஒரு நாளைக்கு இரண்டு ‘டக்’ போடவேண்டிய ரிலே நாலு வருடமாகப் பத்து, பதினைந்து என்று போட்டிருக்கிறது. உள்முனை தேய்ந்து கருகிவிட்டதாம். அதோடு உப்புக்காற்று. பெட்டியைத் திறந்த படத்தை அனுப்பினார்கள். உள்ளே இருக்கும் சேர்க்கிட் போர்ட்டின் ஒரு மூலையில் பச்சையாகப் பூத்திருந்தது. கடலோரத்தில் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்: இன்வேர்ட்டரை வெளிச்சுவரில், அதுவும் கடல்பக்கச் சுவரில், பூட்டவே விடாதீர்கள். எங்களுடையது நடையில் இருந்தும் இந்தக் கதி. பனலைப் பிடிக்கும் கிளாம்ப்புகள் கல்வனைஸ் இரும்பு. இரண்டாம் வருடமே துரு ஒழுகி அஸ்பெஸ்டஸ் சீற்றில் கோடு விழுந்தது. துருப்பிடிக்காத உருக்கில் போல்ட் கிளாம்ப் எல்லாம் மாற்றினோம். அதற்குப் பிறகு தொல்லை இல்லை.

பனல்களைப் பற்றி ஒரு குறையும் சொல்லமாட்டேன். பதினாறில் ஒன்றுகூடப் பழுதாகவில்லை. வாடைக்காற்று, அடைமழை, காகம் கொண்டுவந்து போட்ட நண்டு ஓடு எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு கிடக்கின்றன. கச்சான் காற்று வீசும் காலத்தில் மட்டும் புழுதி படிந்து யூனிற் குறையும். விடிய ஆறு மணிக்கு முன், கண்ணாடி குளிர்ந்திருக்கும்போது, குழாய்த் தண்ணீரால் கழுவுகிறோம். கிணற்றுத் தண்ணீரால் கழுவியபோது வெள்ளையாக உப்புப் படிந்தது, பிறகு துடைத்தெடுக்கப் பெரும்பாடு. வெயிலில் சூடேறிய கண்ணாடிக்கு ஒருநாளும் தண்ணீர் ஊற்றக்கூடாது. இன்னொன்று. இங்கே வெயில் அதிகம், அதனால் மே, ஜூனில் உற்பத்தி உச்சத்துக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். சிலிக்கன் பனலுக்கு வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம். 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு பாகைக்கும் கிட்டத்தட்ட 0.4 வீதம் குறையும். எங்கள் கூரையில் பனல் 60 பாகை தாண்டும். அதனால் எங்கள் வீட்டுச் சாதனை மாதம் எப்போதும் மார்ச்தான், 640 யூனிற்றுக்குக் கிட்ட. டிசம்பரில் 370.

இனி நான் எதிர்பாராத ஒரு சந்தோசத்தைச் சொல்லவேண்டும். மேலறைக்கு அஸ்பெஸ்டஸ் கூரை. முன்பு மத்தியானம் அதற்குள் மனிதர் இருக்கமுடியாது. பதினாறு பனலும் அந்தக் கூரைக்கு மேல்தான், சீற்றிலிருந்து ஒரு சாண் உயரத்தில். வெயில் சீற்றில் விழுவதே இல்லை. நடுவில் காற்று ஓடுகிறது. பூட்டி ஒரு கிழமையில் அம்மா சொன்னா: “பிள்ளை, மேலறை மாமரத்துக்குக் கீழ இருக்கிற மாதிரி இருக்கு.” வெப்பமானி வைத்துப் பார்த்தேன். முன்பு 39 காட்டிய நேரத்தில் 34 காட்டியது. இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை, விற்க வந்தவரும் சொல்லவில்லை. மின்சாரம், காசு எல்லாம் ஒருபக்கம். என்னைக் கேட்டால் இந்த ஐந்து பாகைதான் நாங்கள் வாங்கியதில் மிக நல்ல பொருள். அம்மா இன்றைக்கும் மத்தியானம் அங்கேதான் படுக்கிறா.

இன்னொரு சந்தோசம் 2019 டிசம்பர் 26. வளையச் சூரிய கிரகணம். மேகம் விட்டுவிட்டு வந்தது. காலை ஒன்பதரை மணியளவில் வெளிச்சம் ஒருவிதமாக மங்கியது. செயலியைப் பார்த்தால் ஏறிக்கொண்டிருந்த கோடு சரிந்து, கிட்டத்தட்டத் தரையைத் தொட்டு, மறுபடி எழும்பியது. சந்திரனின் நிழல் எங்கள் கூரையைக் கடந்து போனதற்கு என் போனில் ஒரு கோடு இருந்தது! அடுத்த தவணை அதை அச்சடித்து வகுப்பில் காட்டினேன். விஞ்ஞானப் பாடம் படிப்பித்த இத்தனை வருடத்தில் பிள்ளைகள் அப்படி வாய்திறந்து பார்த்தது குறைவு.

இவ்வளவு நல்லதைச் சொல்லிவிட்டு இனி 2022ஐச் சொல்கிறேன்.

அந்த வருடம் மார்ச் கடைசியில் மின்வெட்டு 13 மணித்தியாலம் வரை போனது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். எரிபொருள் இல்லை, எரிவாயு இல்லை, மண்ணெண்ணெய்க்கும் வரிசை. முதல்நாள் பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் நின்றதும் அயலில் இருந்து நாலு பேர் போனையும் சார்ஜரையும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். “ரீச்சர், உங்கட வீட்டில சோலர் இருக்குத்தானே, கொஞ்சம் போட்டுத் தாங்கோ.” எங்கள் வீட்டிலும் கரண்ட் இல்லை என்று சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. மேலே பார்த்தார்கள், பதினாறு பனலும் மினுங்கிக்கொண்டிருந்தன. ஒரு அக்கா ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனா. நான் தர மனமில்லாமல் பொய் சொல்கிறேன் என்றுதான் அவ நினைத்திருப்பா. பிறகு பல நாள் கழித்துத்தான் பழையபடி கதைத்தா.

பற்றரி இல்லாத சோலர் இப்படித்தான் வேலை செய்யும் என்பது எனக்குப் பூட்டும்போதே தெரியும், காகிதத்தில் எழுதியும் இருந்தது. லைனில் ஓடும் மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் துடிப்பை இன்வேர்ட்டர் எப்போதும் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்தத் துடிப்பு நின்றால் உடனே தன்னைப் பிரித்துக்கொள்ளவேண்டும். இல்லாவிட்டால், கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் லைன்காரரின் உயிருக்கு ஆபத்து. இந்தக் காரணத்தோடு எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஒரு உயிரை விட என் மின்விசிறி பெரிதில்லை.

ஆனால் அம்மாவுக்கு இழுப்பு. நெபுலைசர் கரண்டில்தான் ஓடும். அந்தக் கிழமையில் ஒருநாள் பகல் ஒரு மணிக்கு அம்மாவுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. தலைக்கு மேலே 5 கிலோவாற். நெபுலைசருக்கு வேண்டியது ஒரு நூறு, நூற்றைம்பது வாற். கூரையில் கொட்டிக்கிடப்பதில் ஒரு கைப்பிடியை எடுக்க எனக்கு வழி இல்லை. முச்சக்கரவண்டிக்குப் பெற்றோல் இல்லை. கடைசியில் இவர் சைக்கிள் எடுத்துக்கொண்டு ஓடி, இரண்டு வீதி தள்ளி வாகனப் பற்றரியில் ஓடும் ஒரு சின்ன இன்வேர்ட்டரை இரவல் வாங்கிவந்தார். அதற்குள் முக்கால் மணித்தியாலம் போய்விட்டது. அம்மா சமாளித்துவிட்டா. அந்த முக்கால் மணித்தியாலம் முழுக்க நான் மேலறையில், அந்தக் குளிர்ந்த அறையில், அம்மாவின் முதுகைத் தடவிக்கொண்டு இருந்தேன். கூரைக்கு மேல் வெயில் எரிந்துகொண்டிருந்தது. சோலரைப் பற்றி யார் என்ன நல்லது சொன்னாலும் அந்த மத்தியானம் எனக்கு முன்னால் வந்து நிற்கும்.

பிறகு 2025 பெப்ரவரி 9. ஞாயிறு முற்பகல் நாடு முழுக்க ஒரேயடியாக இருண்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு ட்ரான்ஸ்போமரில் பட்டதால் வந்த கோளாறு என்று அமைச்சர் சொன்னார். அன்று பின்னேரத்துக்குள் குரங்குப் படங்கள் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்தன. எனக்குச் சிரிப்பு வரவில்லை. திங்கட்கிழமை வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், ஒரு குரங்கால ஒரு நாட்டையே இருட்டாக்க ஏலுமா?” அந்தப் படங்களை எல்லாம்விட இந்தக் கேள்வி எவ்வளவோ பெறுமதியானது. அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன்.

தம்பலகாமத்தில் என் மாமாவின் பழைய அரிசி ஆலையில் ஒரு பெரிய இரும்புச் சக்கரம் இருந்தது. மிசினுக்குள் ஒரு மூட்டை நெல்லைத் திடீரென்று கொட்டினாலும் ஓட்டம் தடுமாறாது. சுற்றிக்கொண்டிருக்கும் அந்தச் சக்கரத்தின் கனமே அந்த நொடியை இழுத்துக்கொண்டு போய்விடும். நாட்டின் மின்சார வலைக்கும் அப்படிச் சக்கரங்கள் இருக்கின்றன. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாற் படி மூன்று, நீர்மின் நிலையங்களில் பல. எங்கோ ஒரு கோளாறு வந்தால் அந்தக் கனம் சில நொடி தாங்கும், அதற்குள் மற்றவை சமாளித்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை பகலில் பாவனை குறைவு, வெயில் அதிகம். கூரைகளில் இருந்து வரும் மின்சாரம் கூடக்கூட, சுற்றும் சக்கரங்களைக் குறைக்கவேண்டி வருகிறது. என் வீட்டுப் பெட்டிக்குள் சுற்றும் சக்கரம் எதுவும் இல்லை. தடுமாற்றம் வந்தால் அது தாங்காது, ‘டக்’ என்று விலகிவிடும். நாட்டில் உள்ள பெட்டிகள் ஒரே நேரத்தில் விலகினால் தடுமாற்றம் இன்னும் மோசமாகும். குரங்கு தட்டியது ஒரு இடத்தில்தான். அதைத் தாங்கும் கனம் அந்த நேரத்தில் வலையில் போதாமல் இருந்தது. பிள்ளைகளுக்கு இது புரிந்தது. பெரியவர்களுக்கும் இப்படியே சொல்லியிருக்கலாம் என்பது என் ஆதங்கம். கூரையில் சோலர் வைத்திருப்பவர்களைப் பார்த்து “உங்களாலதான் கரண்ட் போச்சு” என்று சிலர் பேசியது எனக்கு நோவாக இருந்தது. “போடுங்கள், நாட்டுக்கு நல்லது” என்று 2016இல் அரசாங்கம் சூரிய பல சங்கிராமம் என்ற கூரைச் சோலர் திட்டத்தைத் தொடங்கிக் கூப்பிட்டதால்தான் நாங்கள் போட்டோம்.

அதே வருடம் சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, பகல் 3 மணி வரை கூரைச் சோலரை நிறுத்திவைக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு, பாவனை அடிமட்டத்தில். கேட்டதில் நியாயம் இருந்தது. நான் நிறுத்தினேன். காலை ‘டக்’ கேட்காத அந்த நாட்களில் தேநீருக்கு நேரம் பிந்தியது. மத்தியானம் மேலே அந்த வெயில் வீணாகப் போவதைப் பார்க்க வயிறு எரிந்தது. அதே நாள் இரவு ஏழு மணிக்கு நாடு முழுக்க விளக்கும் தொலைக்காட்சியும் ஓடும். அதற்கு டீசலும் நிலக்கரியும் எரிப்பார்கள். பகல் பன்னிரண்டு மணிக்குக் கொட்டுவதை இரவு ஏழு மணிக்கு எடுத்துவைக்க ஒரு பானை வேண்டும். பத்து வருடமாகப் பனலைப் பற்றியே பேசினோம், பானையைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பானை என் வீட்டில் இல்லை என்பது என் குறை. ஊருக்கும் இல்லை என்பதை என் குறையாக ஏற்கமாட்டேன்.

கடற்கரையில் நின்று தெற்கே பார்க்கும்போதெல்லாம் கொட்டியாற்றுக் குடாவுக்கு அந்தப் பக்கம் இருக்கும் சம்பூரை நினைப்பேன். அங்கே 500 மெகாவாற் நிலக்கரி மின்நிலையம் வருவதாக இருந்து 2016இல் கைவிடப்பட்டது. இப்போது அதே சம்பூரில் 120 மெகாவாற் சோலர் திட்டம். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் எங்கள் சனாதிபதியும் சேர்ந்து அதன் கட்டுமான வேலையைத் தொடங்கிவைத்தார்கள். நிலக்கரி வராததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. அந்தப் புகையும் சுடுதண்ணீரும் குடாவுக்குள் வந்திருந்தால் மூதூர் மீனவர் கதி என்ன ஆகியிருக்கும்? ஆனால் 2006இல் இடம்பெயர்ந்து ஒன்பது, பத்து வருடம் முகாம்களில் கிடந்த சனத்தின் ஊர் அது. அவர்களின் வீட்டுக்கு அதனால் என்ன வெளிச்சம் வரும் என்று நான் கேட்டுக்கொண்டே இருப்பேன். பனலோடு பானையும் வேண்டும் என்று நான் சொல்வது சம்பூருக்கும் சேர்த்துத்தான்.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். எங்கள் வீட்டில் ஒரு ஏசி, பம்ப், பிறிட்ஜ் எல்லாம் சேர்த்து மாதம் 320 யூனிற் எரியும். 2019இல் 180க்கு மேற்பட்ட ஒவ்வொரு யூனிற்றுக்கும் 45 ரூபா. ஆக பில் பத்தாயிரத்தைத் தாண்டும். சோலர் போட்டபின் அந்தப் பத்தாயிரம் மிச்சம், அதற்கு மேல் மாதம் ஐயாயிரத்துச் சொச்சம் வங்கிக்கு வந்தது. ஐந்தாம் வருடம் முடியுமுன் போட்ட காசு திரும்பிவிட்டது. நடுவில் மின்கட்டணம் ஏறியதால் மிச்சம் இன்னும் கூடியது. இந்த ஜூனோடு 22 ரூபா முடிந்து 15 ரூபா 50 சதம் ஆகியிருக்கிறது. வங்கிக்கு வருவது மாதம் ஆயிரத்து அறுநூறு, எழுநூறு குறையும். அதைத் தெரிந்துதான் கையெழுத்து வைத்தோம், முறைப்பாடு இல்லை. 2022க்குப் பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 ரூபா கொடுத்தபோது மனம் கொஞ்சம் சுணங்கியது உண்மை. பிறகு சேர்ந்தவர்களுக்கு அதையும் குறைத்துவிட்டார்கள். கணக்காகப் பார்த்தால் நாங்கள் வாங்கிய எந்தப் பொருளும், வண்டி உட்பட, இவ்வளவு நேர்மையாக நடந்துகொண்டதில்லை.

வெள்ளிக்கிழமை ஓய்வறையில் அந்த ஆசிரியர் திரும்பக் கேட்டார். “வேண்டாம்” என்றேன்.

அவர் திகைத்துப்போனார். “போட்ட காசு வந்துட்டுது என்று நீங்கதானே சொன்னீங்க?”

“வந்தது.”

“பனல் ஒன்றும் பழுதாகல்ல?”

“இல்லை.”

“வீடும் குளிர்ச்சியாம். பிறகென்ன ரீச்சர்?”

அவருக்கு அம்மாவின் முக்கால் மணித்தியாலத்தைச் சொன்னேன். அவர் வீட்டிலும் வாப்பாவுக்குச் சுகமில்லை, ஒட்சிசன் இயந்திரம் வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டபின் என் ‘வேண்டாம்’ இன்னும் உறுதியானது. பற்றரியோடு, கரண்ட் போனால் வீட்டைத் தனியாகப் பிரித்து ஓட்டும் ஹைபிரிட் இன்வேர்ட்டரோடு போட முடிந்தால் போடுங்கள். அதற்குக் காசு சேரும் வரை பொறுங்கள். வெறும் பனலும் சாதாரண இன்வேர்ட்டரும் மட்டும் என்றால், ஒழுங்கையில் ஏற்கெனவே எத்தனை வீட்டில் இருக்கிறது, எந்த ஃபேஸில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு வாருங்கள், பிறகு கதைப்போம் என்றேன். இன்னொரு மாதம், இன்னொரு மனநிலையில் கேட்டிருந்தால் வேறு மாதிரிச் சொல்லியிருப்பேனோ தெரியாது. 46,000 ரூபா ரசீது இன்னும் பைக்குள் கிடக்கிறது.

எங்கள் வீட்டுக்கும் பற்றரி விலை கேட்டிருக்கிறேன். 5 யூனிற் பிடிக்கும் லித்தியம் பற்றரி, ஹைபிரிட் இன்வேர்ட்டர் சேர்த்து 6 இலட்சத்து 80 ஆயிரம் சொல்கிறார்கள். அளவெடுக்கச் சனிக்கிழமை வந்தபோது பனலையும் கழற்றுகிறார்களோ என்று அம்மா பயந்துவிட்டா. இல்லை, அது அங்கேயே இருக்கும் என்று சொன்னபின்தான் மேலே போய்ப் படுத்தா. இவர் இன்னும் முடிவு சொல்லவில்லை. 15 ரூபா 50 சதத்தில் முதல் இரண்டு மாதப் பில்லையும் பார்த்துவிட்டு முடிவெடுப்போம் என்கிறார். நான் பொறுக்க விரும்பவில்லை. அடுத்த மாரிக்கு முன்னால் பற்றரி சுவரில் இருக்கவேண்டும்.

இதை எழுதுவது ஞாயிற்றுக்கிழமை, மணி 11.50. வானம் துப்புரவு. புது ரிலேயின் சத்தம் பழையதைவிடக் கொஞ்சம் மெதுவாக இருக்கிறது. செயலி 248 காட்டுகிறது. எழுதத் தொடங்கியதிலிருந்து இரண்டு தடவை நின்று வந்துவிட்டது.